கிழக்குத் தெருக் கிணற்றின் தேதி

எண் 21/2025
27-1-2025, திங்கட்கிழமை. காலை 5.50 மணி.

நேற்றைய கிராம சபைக் கூட்டத்தைப் பற்றி நேற்றே எழுதியிருக்க வேண்டும். கோபத்தில் எழுதினால் என் எழுத்து வலப்பக்கம் சாய்கிறது. ஆகவே ஓர் இரவு தள்ளிப்போட்டேன். இப்போதும் சாய்கிறது. பரவாயில்லை.

கூட்டம் 11 மணிக்கு என்று தண்டோராவும் போட்டு, கைபேசியிலும் செய்தி அனுப்பி, 11.35க்குத் தொடங்கினார்கள். எட்டாவது தீர்மானம் எங்கள் தெருவைப் பற்றியது. கிழக்குத் தெருக் கிணற்றைத் தூர் வாரி, மேலே கம்பி வலை பொருத்தி, பக்கத்தில் கருங்கல் பலகை ஒன்று நிறுத்துவது. மே முதல் நாள் கூட்டத்தன்று திறப்பு. அதுவரை எனக்கு மறுப்பில்லை. வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகும் எங்கள் தெருப் பெண்கள் குடிப்பதற்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் இறைக்கிறார்கள்.

பலகையின் வாசகத்தை ஊர் வரலாற்றுக் குழுத் தலைவர் முத்துகிருஷ்ணன் எழுந்து படித்தார்: ‘பெருநிலக்கிழார் வேங்கடகிருஷ்ணன் அவர்கள் நிலம் தானமளித்து வெட்டித் தந்த கிணறு. நீர் கண்ட நாள் 14-4-1963. ஆதாரம்: திரு. ஞா. ஆல்பர்ட் எழுதிய கட்டுரை, கிறிஸ்தவ சபை நூற்றாண்டு மலர், 2003.’

வேங்கடகிருஷ்ணன், முத்துகிருஷ்ணனின் தகப்பனார். ஆல்பர்ட், நான்.

என் கட்டுரையில் கிணற்றை வெட்டியது கிழக்குத் தெருவின் முப்பத்தொரு வீட்டார் என்று முதல் வரியிலேயே இருக்கிறது. தேதியை எடுத்துக்கொண்டார்கள், என் பெயரை எடுத்துக்கொண்டார்கள், அந்த வரியை மட்டும் விட்டுவிட்டார்கள். எழுந்து நின்று இதைச் சொன்னேன். முத்துகிருஷ்ணன் சிரித்தார்.

“இன்னா ஆல்பர்ட்டு, கல்லுல ஒன் பேரையுந்தான் போட்டுக்கீறோம். அப்புறம் இன்னா பேஜாரு ஒனக்கு?”

அவர் என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர். பத்திரப் பதிவுத் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றி, 31-5-2012 அன்று உதவியாளராக ஓய்வு பெற்றேன். சார்பதிவாளர்களே என்னை சார் என்று அழைத்தார்கள். எங்கள் ஊர் சித்தேரித்தாங்கலில் நான் ஆல்பர்ட்டு. இதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

எண் 24/2025
2-2-2025, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் 3.15.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவார் ஊர்க் கிணற்றில் கயிறு போடக் கூடாது. குடத்தைப் படிக்குக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். யாராவது மனம் வந்து ஊற்றினால் தண்ணீர். என் அம்மா நின்றிருக்கிறாள். நானும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒரு நாள் சூரியன் உச்சிக்கு வந்த பிறகும் யாரும் ஊற்றவில்லை. அந்த வாரமே தெரு கூடிச் சொந்தக் கிணறு வெட்டுவதென்று முடிவு செய்தது.

சாம்பல் புதன்கிழமை தொடங்கினார்கள். லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும் விடியற்காலையில், கூலி வேலைக்குப் போகும் முன்பாக. வீட்டுக்கு இத்தனை ஆள் என்று என் தகப்பனார் கரியால் சுவரில் கோடு போட்டார். எட்டு வயது முடிந்த பிள்ளை அரை ஆள். எட்டு முடியாத பிள்ளைக்குக் கூடை கிடையாது, கிணற்றுப் பக்கம் வரவும் கூடாது. நான் அரை ஆள். முதல் நாள் அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “எட்டு முடிஞ்சிச்சி. இனிமே நீ அரை ஆளு. கூடைய எடு.”

ஈஸ்டர் அன்று காலை ஊற்றுக் கண் திறந்தது.

என் பிறந்த தேதி 1-6-1954. எட்டு முடிந்து ஒன்பது நடந்த காலம் 1-6-1962 முதல் 31-5-1963 வரை. அந்த இடைவெளியில் வரும் ஈஸ்டர் 14-4-1963 ஒன்றே. இந்தக் கணக்கை இதுவரை எவரும் அசைத்ததில்லை.

எண் 27/2025
13-2-2025, வியாழக்கிழமை. மாலை 6.20.

வேங்கடகிருஷ்ணன் எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் பதிவு அலுவலகத்திலிருந்து கிடைத்தது. நாள் 11-2-1963. ‘கிழக்குத் தெருவார் குடிநீர்க் கிணறு அமையும் பொருட்டு ஆறு சென்ட்.’

அதை என் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பத்திரம் பிப்ரவரி 11. என் கணக்குப்படி தோண்டத் தொடங்கிய சாம்பல் புதன் 27-2-1963. நிலம் கொடுத்தார், பதினாறாம் நாள் மண்வெட்டி விழுந்தது, ஏப்ரலில் நீர் வந்தது. அவர்கள் கதையில் ஒரு நாள்கூட இடறவில்லை. இடறாமல் ஒழுங்குபடுத்திக் கொடுத்தவன் நான்.

நேராக முத்துகிருஷ்ணன் வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டார். அதையும் எழுதிவிட வேண்டும். அவர் அப்பா காலத்தில் எங்களுக்கு வாசலில் நிற்க மட்டுமே இடம் இருந்தது.

நிலத்தைப் பற்றி நான் பேசவில்லை, வெட்டிய கைகளைப் பற்றித்தான் பேசுகிறேன் என்றேன். அவர் பொறுமையாகவே கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

“எங்கப்பா கூலி குடுத்துதான் வேல வாங்கினாரு. இல்லன்னு சொல்றதுக்கு ஒன்னாண்ட இன்னா கீது? பத்திரம் எங்களாண்ட கீது. தேதிய நீயே எயுதிக் குடுத்துக்கீற.”

காபி வந்தது. குடிக்கவில்லை.

எண் 28/2025
14-2-2025, வெள்ளிக்கிழமை. காலை 7.05.

எதிர்வீட்டு ஞானசுந்தரிக்கு எப்படித்தான் செய்தி போகிறதோ. நான் செய்தித்தாளைப் பிரிப்பதற்குள் வேலி ஓரம் வந்து நின்றுவிட்டாள். சத்தமாகப் பேசுவாள், நடுவில் நிறுத்த மாட்டாள், தேதி ஒன்றும் சொல்ல மாட்டாள். என் பார்வையில் மூன்றும் குற்றம்.

“யண்ணா, நான் அப்பவே சொன்னேன், ஒன் தேதி தப்புன்னு. நான் பொறந்த வருசமே கிணத்துல தண்ணி வந்துட்ச்சி. கைக்கொயந்தையா தூக்கினு போயி, அந்தத் தண்ணியிலதான் சபை ஐயரு எனக்கு ஞானஸ்நானம் குடுத்தாரு. எங்கம்மா சொல்லிக்கினே இருப்பா.”

அவள் பிறந்தது 1962 மார்ச். 1963 ஈஸ்டரில் அவளுக்கு வயது ஒன்று கடந்து ஒரு மாதம். நடக்கிற குழந்தை. இதை அவளுக்கு நான் எத்தனையாவது முறை விளக்குகிறேன் என்று எனக்கே கணக்கில்லை. 2003இல் மலர் அச்சுக்குப் போகும்போது, ‘எங்கம்மா சொன்னத ஒரு வரி போடுண்ணா’ என்று கேட்டாள். யாரோ எழுதியும் சேர்த்திருந்தார்கள். நான் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ‘காலப் பிழை’ என்று எழுதினேன். அதன் பிறகு ஓராண்டு எட்டு மாதம் அவள் என்னோடு பேசவில்லை.

“அப்ப எங்கம்மா பொய் சொல்லினு செத்தாளா?” என்றாள் இன்று.

பொய் அல்ல, ஞாபகப் பிசகு என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எண் 29/2025
15-2-2025. காலை 6.00.

மருமகள் பிரிஸ்கில்லா காபி வைத்துவிட்டு, போகிற போக்கில் கேட்டாள்: “ஞானஸ்நானப் பதிவேடுன்னு ஒண்ணு தாய்ச் சபையில கீதில்ல மாமா? போயி ஒருக்கா பாத்துட்டு வந்தா இன்னா?”

தேவையில்லை என்றேன்.

எண் 33/2025
5-3-2025, சாம்பல் புதன்கிழமை.

பதிவேட்டைப் பார்க்கப் போகவில்லை.

எண் 34/2025
11-3-2025, செவ்வாய்க்கிழமை. மாலை 5.40.

கல் வந்து இறங்கிவிட்டது. வெட்டிய எழுத்துக்குக் கறுப்பு மை பூசி, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். அளவு நான்கடிக்கு இரண்டரை. எழுத்து நேர்த்தி. என் பெயரில் ஒற்றுப் பிழைகூட இல்லை.

உண்மையைச் சொன்னால் விரலால் தடவிப் பார்த்தேன். இந்தத் தெருவில் பிறந்த எவனுடைய பெயரும் இதுவரை கல்லில் வந்ததில்லை, கல்லறைக் கல்லைத் தவிர.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே யார் தேர்தலுக்கு நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று வெட்டி வைத்தார்கள். நிலம் உள்ளவன் நிற்கலாம். எங்களைப் பற்றி அந்தச் சுவரில் பேச்சே இல்லை. அதைப் பார்க்கப் பேருந்து பேருந்தாக ஆள் வருகிறது. கல்லில் வெட்டியது அத்தனை காலம் நிற்கும். இதுவும் நிற்கும். என் பெயரோடு நிற்கும்.

நாளை மறுநாள் தாய்ச் சபைக்குப் போகிறேன். ஞானசுந்தரிக்காக அல்ல. அவள் சொல்வது பிழை என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டால் ஒரு வாதமாவது முடியும்.

எண் 35/2025
13-3-2025, வியாழக்கிழமை. மாலை 4.30.

காலை 7.10 பேருந்தில் வாலாஜாபாத். அங்கிருந்து, எங்கள் ஊர்க் கோயிலுக்குத் தலைமையான தாய்ச் சபைக்கு ஷேர் ஆட்டோ. குருவானவர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். பதிவேட்டை மேசையில் வைத்து, துணியால் துடைத்துக் கொடுத்தார். 1951 முதல் 1964 வரை ஒரே புத்தகம்.

பக்கம் 88, வரிசை எண் 412. ஞானசுந்தரி. பிறந்த நாள் 3-3-1962. ஞானஸ்நானம் 22-4-1962, உயிர்த்தெழுதல் ஞாயிறு. குறிப்புப் பகுதியில், அந்நாளைய ஐயர் கையெழுத்தில்: ‘சித்தேரித்தாங்கல் சபையார் தங்கள் கையால் தோண்டிய புதுக் கிணற்றில் இன்று கண்ட நீரால் கொடுக்கப்பட்டது.’

மூன்று முறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நான்காம் முறை படித்தேன்.

அப்படியானால் என் எட்டு வயது? பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். பக்கம் 31, வரிசை எண் 140. ஆல்பர்ட். தகப்பன் பெயர் ஞானமுத்து. பிறந்த நாள் 9-8-1953. ஞானஸ்நானம் 25-10-1953.

1953.

எழுபத்திரண்டு நடக்கிறது எனக்கு. எழுபத்தொன்று அல்ல. 1962 ஈஸ்டரில் எனக்கு எட்டு முடிந்து எட்டு மாதம்.

எண் 36/2025
அதே நாள். மாலை 6.45.

இன்னாடா பண்ணி வெச்சிக்கீற ஆல்பர்ட்டு!

அம்மா சொன்னாள். எத்தனை தடவை சொன்னாள். வாத்தியாரு வாய்க்கு வந்த தேதிய போட்டாருடா, நீ அதுக்கு முந்தின ஆடியில பொறந்தவன் என்று. பள்ளியில் சேர்க்கும்போது கையைத் தலைக்கு மேலே சுற்றி மறுகாதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. தேதி, ஜூன் ஒன்று. என் வகுப்பில் கிழக்குத் தெருப் பிள்ளைகள் ஆறு பேர். ஆறு பேருக்கும் பிறந்தநாள் ஜூன் ஒன்று. முப்பத்து நான்கு வருடம் அடுத்தவன் பத்திரத்தில் தேதியைச் சரிபார்த்தேனே, இது உறைக்கவில்லையா? எழுதப் படிக்கத் தெரியாதவள் என்ன தேதி சொல்வது என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அரசு முத்திரை போட்ட காகிதம் பொய் சொல்லாது என்றேன்.

தெருவில் எல்லார் வீட்டு அம்மாக்களும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். திருத்தியவன் நான்.

கிணற்றில் நீர் வந்தது 22-4-1962. தானப் பத்திரம் 11-2-1963. நடுவில் ஒன்பது மாதம் இருபது நாள். தெரு முழுக்கக் குடித்துக்கொண்டிருந்த கிணற்றுக்கு, வேங்கடகிருஷ்ணன் பின்னால் வந்து நிலத்தை ‘அமையும் பொருட்டு’ கொடுத்திருக்கிறார். இந்த ஒரு சங்கதி இருபத்திரண்டு வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்ததற்குக் காரணம் என் தேதி.

பிரிஸ்கில்லா கேட்டாள், அப்ப ஒரு வருசம் கூட வேல பாத்துட்டீங்களா மாமா, கவர்மென்ட்டுக்கு எயுதிப் போடுங்க என்று. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எனக்கு முடிந்தது.

எண் 41/2025
20-4-2025, ஈஸ்டர் ஞாயிறு. காலை 8.10.

ஒரு மாதத்துக்கு மேல் அவளிடம் சொல்லாமல் இருந்தேன். சான்றிட்ட நகலுக்காகக் காத்திருந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நகல் வந்தது 2-4-2025. பதினெட்டு நாள் என் மேசையில் கிடந்தது.

விடியல் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஞானசுந்தரியிடம் கொடுத்தேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘இன்று கண்ட நீரால்’ வந்ததும் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தாள். தவறு என்னுடையது என்றேன். வருந்துகிறேன் என்றும் சொன்னேன். அந்தச் சொல் என் வாயில் அரசாணை மாதிரிதான் வந்தது.

“இருவத்திரெண்டு வருசம்ணா,” என்றாள். சத்தமே இல்லை. “என்னாண்ட சொல்லி இன்னா? எங்கம்மா தோ அங்க படுத்துக்கினு கீறா. அவளாண்ட போயி சொல்லு.”

கல்லறைத் தோட்டம் கோயிலுக்குப் பின்னால்தான். போனேன். அவள் அம்மா கல்லறையில் பெயர்ப் பலகை இல்லை, ஒரு சிலுவையும் சுண்ணாம்பும்தான். சொன்னேன். நேரம் காலை 6.40.

திரும்பும்போது அவள் பழைய குரலுக்கு வந்துவிட்டாள். கோயில் கேட் பக்கத்தில் நின்றவர்களிடம், அரை ஆளுக்கு இன்னைக்கித்தான் முயு புத்தி வந்துக்கீது என்று அறிவித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் மறுக்கவில்லை.

எண் 43/2025
28-4-2025, திங்கட்கிழமை. மாலை 7.00.

முத்துகிருஷ்ணன் இன்று என் வீட்டுக்கு வந்தார். முதல் முறை. பேச்சு அவர் காதுக்குப் போயிருக்கிறது. நாற்காலி போட்டேன். பிரிஸ்கில்லா காபி கொடுத்தாள். அவரும் குடிக்கவில்லை.

தேதியை மாற்றினால் கல்லில் என் பெயரும் போகும் என்றார். என் பேரப் பிள்ளைகள் காலத்திலும் நிற்கிற பெயர் என்றார். அதில் குரல் தழைந்தது. அவர் தகப்பனார் பெயரும் அதே கல்லில்தான் இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. புரிந்தும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

கடைசியில் எழுந்து நின்று சொன்னார்: “இத்தினி வருசமா தப்பு தேதிய சொல்லிக்கினு இருந்தவன் நீ. இப்ப சொல்றத மட்டும் எவன் நம்புவான்?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் அவராக இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன். மூன்று நாளில் ஊர் நடுவில் எழுந்து நின்று என் தேதி தவறு, என் வயது தவறு என்று சொல்ல வேண்டும். சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் கல் நிற்கும்.

சிரிக்கட்டும்.

எண் 44/2025
1-5-2025, வியாழக்கிழமை. பிற்பகல் 2.50.

கூட்டம் 11 மணி. தொடங்கியது 11.20. முன்னேற்றம்.

கல்லைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து, பச்சைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் தேவயானி கத்தரிக்கோலோடு வந்தார். ரிப்பனுக்கு முன்னால் நான் போய் நின்றேன். இதற்கு முன் எந்தக் கூட்டத்திலும் நான் குறுக்கே நின்றதில்லை.

ஐந்து நிமிடம் பேசினேன். 2003இல் நான் எழுதிய தேதி தவறு. என் பிறந்த தேதியே தவறு. கிணற்றில் நீர் வந்தது 22-4-1962. தானப் பத்திரம் அதற்கு அடுத்த ஆண்டு. இதோ பதிவேட்டு நகல், இதோ பத்திர நகல். ஆறு சென்ட் யாருடையதாகவும் இருக்கட்டும், தோண்டியவர்கள் கிழக்குத் தெருவார். இந்தக் கல்லில் என் பெயர் வேண்டாம்.

எதிர்பார்த்தபடி சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவன், சொந்த வயசே தெரியாத ஆளுப்பா இது என்றான். நான் சொன்னேன்: “தெரியவில்லை. அதனால்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் ஒருவராவது போய்ப் பார்த்தீர்களா?”

சிரிப்பு நின்றது. முத்துகிருஷ்ணன் தன் வாதத்தைச் சொன்னார், கண்ணியமாகவே சொன்னார். கூலி கொடுத்ததற்குச் சான்று உண்டா என்று தேவயானி கேட்டார். அப்பா வாய்மொழியாகச் சொன்னது என்றார்.

அப்போது ஞானசுந்தரி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். “எங்கம்மாவும் வாயாலதான் சொன்னா. அது மட்டும் பொய்யாயிட்ச்சி இத்தினி வருசம்?” அவ்வளவுதான். அவள் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

தேவயானி கை தூக்கச் சொன்னார். வாசகத்தை மாற்ற அறுபத்து மூன்று கை. மாற்ற வேண்டாம் என்று நாற்பத்தொன்று. நானும் தனியே எண்ணினேன், சரியாக இருந்தது. ஊர்ப் பக்கத்திலிருந்தும் கைகள் எழுந்தன, யார் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் அங்கே குடியிருக்க வேண்டும்.

தேவயானி கத்தரிக்கோலைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: “கல்ல வீணாக்க வாணாம். திருப்பிப் போட்டு பின்பக்கம் வெட்டிக்கலாம். சார், நீங்க எல்லாத்தயும் எயுத்துல ஆதாரத்தோட குடுங்க. பதினஞ்சி நாள் டைம்.”

முத்துகிருஷ்ணன் கோர்ட்டுக்குப் போவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போகட்டும். வாய்தாவுக்கு வாய்தா போய் நிற்க எனக்கு நேரம் இருக்கிறது. நான் நினைத்திருந்ததைவிட வயது ஒன்று கூடிவிட்டது, அவ்வளவே.

எண் 46/2025
5-5-2025, திங்கட்கிழமை. காலை 10.05.

கடிதம் இன்று பஞ்சாயத்து அலுவலகத்தில் நேரில் கொடுக்கப்பட்டது. ஒப்புகைச் சீட்டு பெறப்பட்டது. கல் கிணற்றடியில் முகம் கீழாகக் கிடக்கிறது. பின்பக்கம் வெறுமையாக, வழவழப்பாக இருக்கிறது. யாரோ குடத்தை அதன் மேல் வைத்து ஈரத் தடம் பதித்திருக்கிறார்கள்.

நான் முன்மொழிந்த வாசகம்: ‘கிழக்குத் தெரு முப்பத்தொரு வீட்டார் தங்கள் கையால் தோண்டிய கிணறு. நீர் கண்ட நாள் 22-4-1962.’ ஆதாரம் என்ற வரி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடிதத்துடன் இணைத்தவை:

1. ஞானஸ்நானப் பதிவேடு, பக்கம் 88, வரிசை எண் 412: சான்றிட்ட நகல்.

2. மேற்படி பதிவேடு, பக்கம் 31, வரிசை எண் 140: சான்றிட்ட நகல். (என்னுடையது.)

3. 11-2-1963 நாளிட்ட தானப் பத்திரம்: சான்றிட்ட நகல்.

4. நூற்றாண்டு மலர், பக்கம் 17. தேதி சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, ஓரத்தில் ‘காலப் பிழை’ என்று எழுதி என் கையொப்பம் இடப்பட்டது.

5. தோண்டியவர்கள் பட்டியல், வீடு வாரியாக. முழு ஆள் 44, அரை ஆள் 17. உயிரோடிருக்கும் ஒன்பது பேரிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்க்கப்பட்டது.

6. எதிர்வீட்டு ஞானசுந்தரி தன் தாயார் சொன்னதாகக் கூறிய வாக்குமூலம், மூன்று பக்கம். தேதி எதுவும் இல்லை. அவர் சொன்னபடியே எழுதப்பட்டது. என் திருத்தம் ஏதும் இல்லை.